பத்துக்குப் பத்துப் பிள்ளை

திருப்பூரில் அந்தக் காலத்தில் மூன்று வயதுப் பிள்ளைக்கும் பொருத்தம் பார்த்தார்கள். கல்யாணத்துக்கு என்று நினைத்துப் பதற வேண்டாம், பள்ளிக்கூடத்துக்குத்தான். ஜோசியரும் கிடையாது, கட்டமும் கிடையாது. பிள்ளையின் மணிக்கட்டில் ஆரஞ்சு நிறக் காப்பு ஒன்றை மாட்டி அனுப்புவார்கள். நாற்பத்தெட்டு நாள் அது கையிலேயே கிடக்கும். பிள்ளை என்ன பேசுகிறது, எதைப் பார்த்துச் சிரிக்கிறது, ஒரு பொம்மையை எத்தனை நேரம் வைத்திருக்கிறது, எதற்கு அழுகிறது, அழுதால் எத்தனை நொடியில் தேறுகிறது என்று அத்தனையையும் குறித்துக்கொள்ளும். மண்டலம் முடிந்ததும் பொருத்த நிலையத்திலிருந்து பத்துக்கு இத்தனை என்று சீட்டு வரும். எந்த மழலையர் பள்ளி இந்தப் பிள்ளைக்குப் பொருந்தும் என்பதும் அதிலேயே அச்சாகி இருக்கும். பெற்றவர்கள் பள்ளிக்கூடம் தேடி அலைந்த காலம் மலையேறிப் போய்விட்டது.

அந்த நாற்பத்தெட்டு நாளும் வீடுகள் பட்ட பாடு இருக்கிறதே, மாரியம்மன் நோன்பிக்குக் காப்புக் கட்டினால்கூட ஊர் அத்தனை சுத்தபத்தமாக இருந்ததில்லை. மாமியாரும் மருமகளும் மொட்டை மாடிக்குப் போய்ச் சண்டை போட்டுவிட்டு, சிரித்த முகமாக இறங்கி வந்தார்கள். டிவிக்குத் துணி போட்டு மூடினார்கள். பிறந்ததிலிருந்து புத்தகத்தைத் தொடாத அப்பன்மார் சிங்கம் முயல் கதையை ராகம் போட்டு வாசித்தார்கள். அவர்கள் வீட்டில் காப்புக் கட்டியிருக்கிறது என்று சொன்னால், வம்புக்குப் போனவன்கூடச் செருப்பைக் கழற்றாமல் திரும்பிவிடுவான்.

எட்டுக்கு மேல் வந்தால் நல்ல பள்ளிகளின் கதவு திறக்கும். ஒன்பதைத் தாண்டிய பிள்ளைக்கு நன்மொட்டுப் பள்ளியில் இலவச இடம். ஆறுக்குக் கீழே போனால் கூடம். காப்பே கட்டாத பிள்ளைக்கும் கூடம்தான். கூடம் என்பது நாற்பது பிள்ளைகளை ஒரு சுவர்த்திரைக்கு முன்னால் உட்கார வைக்கிற இடம். அங்கே திரைதான் டீச்சர். கூடத்தில் உட்கார்ந்த பிள்ளை பிறகு எந்தப் பள்ளிக்குப் போகும், எந்த வேலைக்குப் போகும் என்பது ஊருக்கே தெரிந்த சங்கதி.

கோபிகாவுக்கு அது நன்றாகவே தெரியும். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை அவளுக்கு. தைத்து வருகிற பீஸை டியூப்லைட் வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை, கறை, தையல் விட்டது, நிறம் மாறியது எல்லாம் பார்த்து, நல்லதை ஒரு பக்கமும் கழித்ததை ஒரு பக்கமும் போடுகிற வேலை. பத்து வருஷமாக நின்றுகொண்டே செய்கிறாள். தன் மகள் நறுமுகை இந்த மேஜைக்கு வந்துவிடக் கூடாது என்பது ஒன்றுதான் அவளுக்கு வைராக்கியம். வேன் ஓட்டுகிற புருஷன் நவீன், அத்தனை பெரிய இடமெல்லாம் நமக்கு எதற்கு என்று இழுத்தான். பெரிய இடம் என்றால் நம் பிள்ளையின் கால் அங்கே படக்கூடாதா என்று கேட்டுவிட்டு, லீவு போட்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நிலையத்துக்குப் போய்க் காப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

அவர்கள் குடியிருந்தது எட்டு வீட்டு லைன். எதிரெதிரே நாலு நாலு வீடு, நடுவில் ஒரு குழாய், ஒரு துவைக்கிற கல். எட்டு வீட்டிலும் கம்பெனி ஆட்கள். பகல் ஷிப்ட் ஒருத்திக்கு, நைட் ஷிப்ட் இன்னொருத்திக்கு. லைனில் மூன்று வயதை ஒட்டிய பிள்ளைகள் ஐந்து. அன்றைக்கு எந்த அம்மா வீட்டில் இருக்கிறாளோ அவள்தான் ஐந்துக்கும் அம்மா. பெரும்பாலும் அது ஷகிலாக்காவாக இருக்கும். வீட்டிலேயே மிஷின் போட்டுத் தைக்கிறவள், நல்ல மனசுக்காரி, கொஞ்சம் சத்தம் ஜாஸ்தி.

நாற்பத்தெட்டு நாள் முடிந்து சீட்டு வந்தது. பத்துக்கு ஒன்பதே முக்கால். நிலையம் தொடங்கியதிலிருந்து இந்த ஊரில் எந்தப் பிள்ளையும் அத்தனை வாங்கியதில்லை. கோபிகா குழாயடியிலேயே உட்கார்ந்து அழுதாள். சந்தோஷ அழுகைதான். நவீன் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கி வந்து எட்டு வீட்டுக்கும் கொடுத்தான். கம்பெனியில் மேஸ்திரி அவளை முதல்முறையாக வாங்க போங்க என்று பேசினார்.

நன்மொட்டுப் பள்ளியின் தலைமை மிருதுளா மேடம். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கோபிகாவைத் தன் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார வைத்து, அறிக்கையை வரி வரியாகப் படித்துக் காட்டினார். இடது கையால் படம் வரைகிறாள், அதுவும் என்ன அழுத்தமான கோடு. நாயைக் கண்டால் பயமில்லை, நாயோடு ஒடியாவில் பேசுகிறாள். சுருதி பிசகாமல் பாடுகிறாள். ஒரு நாளைக்கு இருநூறு தடவை ஏன் என்று கேட்கிறாள். சிறு பொருட்களை நிறம் பார்த்து ஒரு மணி நேரம்கூடப் பொறுமையாகப் பிரித்து வைக்கிறாள். எல்லாவற்றுக்கும் மேல், அழுதால் நாற்பது நொடிக்குள் தேறிவிடுகிறாள், பெரியவர்கள் எவராலும் முடியாத காரியம் அது என்றார் மேடம்.

கோபிகா அறிக்கையின் வரிகளை மறுபடி ஒருமுறை விரல் வைத்துப் பார்த்தாள். நிறம் பிரிப்பவள் நறுமுகைதான், சந்தேகமில்லை. ஆனால் இடது கையால் வரைவது எதிர் வீட்டுக் கவின். ஒடியா பேசுவது, ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்து லைனில் குடியிருக்கும் சுமித்ராவின் மகன் பபுலு. பாட்டு, ஷகிலாக்காவின் மகள் ஸாரா. ஏன் ஏன் என்று உயிரை எடுப்பது கடைசி வீட்டு இனியன். பத்து வருஷம் செக்கிங் மேஜையில் நின்றவளுக்கு விஷயம் புரிய எத்தனை நேரம் ஆகும். லாட் கலந்துவிட்டது. ஐந்து ரோல் துணியில் வெட்டிய பீஸை ஒரே கட்டாகக் கட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

அவள் வாயைத் திறக்கவில்லை. மேடம் கொடுத்த காபியைக் குடித்தாள், கையெழுத்துப் போட்டாள், வீட்டுக்கு வந்து நேரே ஷகிலாக்காவின் மிஷின் முன்னால் போய் நின்றாள்.

ஷகிலாக்கா ஒளிக்கவே இல்லை. ஒளிக்க என்ன இருக்கிறது என்பதே அவளுக்குப் புரியவில்லை. லைனில் ஒரு பிள்ளைக்கு வாங்கின பொருள் ஐந்து பிள்ளைக்கும் முறை வைத்துத்தான் என்பது எப்போதும் உள்ள வழக்கம். மூன்று சக்கர சைக்கிள் அப்படித்தான், ரப்பர் பந்து அப்படித்தான். விளக்கு எரிகிற ஆரஞ்சு வளையல் ஒரு பிள்ளை கையில் மட்டும் மின்னினால் மற்ற நாலும் சும்மா இருக்குமா? பூட்டு இருந்தது, உண்மைதான். வளையல் கழற்றத் தெரியாத பொம்பளை இருக்கிறாளா? கையில் பிளாஸ்டிக் கவரை மாட்டித் தேங்காயெண்ணெய் தடவினால் வழுக்கிக்கொண்டு வருகிறது. பொழுது சாய்ந்தால் அவரவர் பொருள் அவரவர் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்பதும் வழக்கம். அதனால் கோபிகா வேலை முடிந்து வருகிறபோது காப்பு எப்போதும் நறுமுகையின் கையில்தான் இருந்திருக்கிறது.

"முறை வெச்சுத்தான் போட்டு விட்டேன் கண்ணு, ஒரு புள்ளைக்குக்கூட ஓரவஞ்சனை பண்ணலை," என்றாள் ஷகிலாக்கா. "என்ன ஒண்ணு, அழுதா அது கீ கீன்னு கத்துது. நைட் ஷிப்ட் முடிச்சுப் படுத்த ஆளுங்க எந்திரிச்சு வந்து சண்டைக்கு நிக்கறாங்க. அதனால எந்தப் புள்ள அழுதாலும் சட்டுனு கழட்டி, சிரிக்கிற புள்ள கையில மாட்டிருவேன்."

நாற்பது நொடியின் ரகசியம் அதுதான். எந்தப் பிள்ளையும் தேறவில்லை. காப்புத்தான் கை மாறியது.

கோபிகா கோபத்தில் ஏதேதோ கத்தினாள். கத்திக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் பயம் வந்தது. நவீனிடம் சொன்னாள். காதும் காதும் வைத்த மாதிரி விட்டுவிடு, நாமாகப் போய் ஏமாற்றவில்லையே, இடம் கிடைத்திருக்கிறது, பிள்ளை கெட்டிக்காரி, பிடித்துக்கொள்வாள் என்றான் அவன். அவளுக்கும் அப்படியே நினைத்துக்கொள்ளத்தான் ஆசையாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. ஆசைதான் ஜெயித்தது.

நன்மொட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் அறிக்கைப்படி தனியாக ஒரு மூலை ஜோடிப்பார்கள். மூன்று வருஷமும் அந்த மூலைதான். நறுமுகையின் மூலையில் இடது கைக் கத்தரிக்கோல் இருந்தது. வலது கையால் பிடித்தால் அது வெட்டாது. வாலாட்டுகிற பொம்மை நாய் ஒன்று ஒடியாவில் குசலம் விசாரித்தது. நறுமுகை பொம்மை நாயைக் கண்டால்கூடச் சுவரோடு ஒட்டிக்கொள்கிற ஜாதி. பாடு பாடு என்று கூப்பிட ஒரு மைக் நின்றது. ஏன் என்று கேட்பாள் என ஒரு டீச்சர் முகத்தையே பார்த்துக் காத்திருந்தாள். இவளோ எதையும் கேட்காமல் தானாகப் பார்த்துத் தெரிந்துகொள்கிற பிள்ளை. இரண்டாவது வாரம் கோபிகாவைக் கூப்பிட்டு, குழந்தை தன் திறமையை மறைக்கிறாள் என்றார்கள்.

நன்மொட்டில் படிக்கிறவரை காப்பு பிள்ளைகளின் கையிலேயே இருக்கும். அழுகை நாற்பது நொடியைத் தாண்டினால் அது கத்தும். அறையில் மணி அடிக்கும். பிள்ளைகள் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த நாற்பது இந்த வருஷம்தான் வந்தது என்று கேட்டுக்கு வெளியே காத்திருக்கிற அம்மாக்கள் பேசிக்கொண்டார்கள். அவர்களில் வர்ஷினி என்று ஒருத்தி, நூல் மில்காரர் வீட்டு மருமகள். அவள் மகன் அகரன் ஒன்பது புள்ளி ஒன்று வாங்கி நறுமுகையோடு சேர்ந்தவன். பிள்ளைக்குச் சாப்பிட என்ன கொடுக்கிறீர்கள், அழுதால் என்ன சொல்லித் தேற்றுகிறீர்கள் என்று அவள் கோபிகாவிடம் வாரம் ஒருமுறையாவது கெஞ்சாத குறையாகக் கேட்பாள். ராகிக் களி என்று சொல்லிக் கோபிகா தப்பித்துக்கொள்வாள்.

நறுமுகை அழுதால் முழுசாக அழுகிற பிள்ளை. ஐந்து நிமிஷம் ஆகும், பத்து நிமிஷம்கூட ஆகும். அழுது முடித்து, மூக்கைத் துடைத்து, ஒன்றுமே நடக்காத மாதிரி பொத்தான்களைப் பிரிக்க உட்கார்ந்துவிடுவாள். இடையில் நிறுத்தச் சொன்னால் நிறுத்தத் தெரியாது.

மூன்றாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் வழுக்கி விழுந்தாள். முழங்காலில் தோல் பெயர்ந்து ரத்தம் வந்தது. கோபிகா ஓடி வந்தாள். பிள்ளை அழவில்லை. உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து நின்றது. கண்ணில் தண்ணீர் கட்டி நின்றதே தவிர இறங்கவில்லை.

"அழு சாமி, வலிக்குதல்ல," என்றாள் கோபிகா.

"நாப்பது ஆயிருச்சாம்மா?" என்று கேட்டது பிள்ளை.

பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கோபிகாதான் அழுதாள். அப்போதும் பிள்ளை அழவில்லை. அம்மா கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, விரலை மடக்கி எண்ணத் தொடங்கிவிட்டது.

அதே வாரம் ஸாராவுக்கும் சீட்டு வந்தது. கோபிகா பெண்ணுக்கு இடம் கிடைத்த தெம்பில் ஷகிலாக்காவும் தன் மகளுக்குக் காப்புக் கட்டியிருந்தாள். இந்த முறை யார் கைக்கும் மாற்றக் கூடாது என்று கோபிகாதான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஷகிலாக்காவும் சத்தியம் பண்ணின மாதிரி மாற்றவே இல்லை. நாலே முக்கால். கூடம். பாட்டுக்கு மட்டும் முழு மார்க், மற்றதெல்லாம் மாதிரிப் பிள்ளையோடு ஒப்பிடப் பாதிகூட இல்லை என்று போட்டிருந்தது. ஷகிலாக்கா கோபிகாவை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நம்ம தலையெழுத்து என்று சொல்லிவிட்டு மிஷினை மிதித்தாள். அன்றைக்கு அவள் சத்தமே போடவில்லை என்பதுதான் கோபிகாவால் தாங்க முடியவில்லை.

மாதிரிப் பிள்ளை என்று ஒரு வார்த்தை அந்தச் சீட்டில் இருந்ததே, அது யார் என்ற கேள்வி கோபிகாவை விடவில்லை. திங்கட்கிழமை பள்ளி விடுவதற்கு அரை மணி நேரம் முன்னதாகவே வந்து நேரே மேடத்தின் அறைக்குப் போனாள். உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னாள். லைன், முறை, தேங்காயெண்ணெய், நைட் ஷிப்ட், கை மாறின காப்பு, ஐந்து பிள்ளைகளின் பேர். இத்தனை நாள் தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தது தன் தப்பு என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

மேடம் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். காப்பை ஒருத்தி எண்ணெய் போட்டுக் கழற்றுவாள் என்று எந்த இஞ்சினியரும் நினைத்துப் பார்க்கவில்லை என்றார். மூன்று வயதில் பிள்ளைகளின் சுபாவம் மணிக்கு மணி மாறுவது இயல்பு என்பதால், மாறி மாறி வந்த சுபாவங்களை எல்லாம் ஒரே பிள்ளை என்றுதான் மிஷின் எடுத்துக்கொண்டிருக்கும் என்றும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இதை வெளியில சொல்லாதீங்க கோபிகா. உங்க பொண்ணு இடத்தோட முடியற விஷயம் இல்லை இது. வருஷா வருஷம் யார் அதிகமா வாங்கறாங்களோ, அந்தக் குழந்தைதான் பத்து. அளவுகோலே அதுதான். உங்க பொண்ணு அறிக்கையை ஜூன் மாசமே எல்லாப் பள்ளிக்கும் அனுப்பியாச்சு. அதுக்கப்புறம் காப்புக் கட்டின குழந்தைங்க எல்லாரையும் அதை வெச்சுத்தான் அளந்திருக்கு. இருபதாயிரம் குழந்தைங்க."

கோபிகாவுக்கு இப்போதுதான் முழுசாக விளங்கியது. ஸாரா யாரோடு போட்டி போட்டுத் தோற்றாள் என்பதும் விளங்கியது. தானும் சேர்ந்திருந்த ஐந்து பேரோடு அந்தப் பிள்ளை ஒற்றை ஆளாக நின்று தோற்றிருக்கிறது.

"எங்க கம்பெனியில அப்ரூவல் பீஸ்னு ஒண்ணு வெச்சிருப்பாங்க மேடம்," என்றாள். "அதைப் பாத்துத்தான் மத்ததைப் பாஸ் பண்றதும் கழிக்கிறதும். அந்தப் பீஸே தப்புன்னு தெரிஞ்சா மிஷினை நிறுத்திப் போடுவோம். ஏன்னா, கழிச்சுப் போட்டது பூரா நல்ல பீஸுங்க. நீங்க ஒரு ஊருப் புள்ளைகளையே கழிச்சுப் போட்டிருக்கீங்க."

மேடம் மேஜையைப் பார்த்துக்கொண்டே, சொன்னால் நிலையம் இதை மோசடி என்றுதான் எழுதும் என்றார். மோசடி என்று எழுதிவிட்டால் நறுமுகையை மூன்று வருஷத்துக்கு எந்த மழலையர் பள்ளியும் சேர்க்காது, கூடம்கூடக் கிடையாது. சொல்லாமல் இருந்தால் அடுத்த ஜூனில் புதுப் பத்து வந்துவிடும், இது தானாக மறைந்துபோகும். யாருக்கும் நஷ்டமில்லை. அவர் மிரட்டுகிற மாதிரி சொல்லவில்லை, கெஞ்சுகிற மாதிரித்தான் சொன்னார். கடைசியில், "என் பேரனுக்கே இந்த வருஷம் அஞ்சரைதான் வந்துச்சு. அழுகைக்கே ரெண்டு மார்க் போயிருச்சு. நான் ஏத்துக்கலையா?" என்றார்.

"எதுக்குங்க ஏத்துக்கிட்டீங்க?" என்றாள் கோபிகா.

மேடம் மேஜைமேல் கிடந்த தாள்களை அடுக்கத் தொடங்கினார்.

"மூணு வருசம்தானுங்களே. எம்புள்ள லைன்ல இருப்பா. அங்க அவ முழுசா அழுதுக்குவா," என்று சொல்லிவிட்டு அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

பள்ளி விடும் நேரம். கேட்டுக்கு வெளியே முப்பது பேருக்குமேல் நின்றிருந்தார்கள். கார்க்காரர்கள், ஸ்கூட்டர்காரர்கள், கையில் குடையோடு நின்ற தாத்தாக்கள். கம்பெனியில் பத்துப் பேர் முன்னால்கூடக் கோபிகா குரலை உயர்த்தியதில்லை. ஒரு நிமிஷம் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். பிறகு, கேட்டின் சிமெண்ட் மேடையில் ஏறி நின்றுகொண்டு, எல்லாரும் ஒரு நிமிஷம் கேட்க வேண்டும் என்று சொல்லி ஆரம்பித்துவிட்டாள்.

இந்த ஊரில் எல்லாப் பிள்ளைகளையும் எந்தப் பிள்ளையோடு ஒப்பிடுகிறார்களோ, அந்தப் பத்துக்குப் பத்துப் பிள்ளை தன் மகள் என்றாள். அப்படி ஒரு பிள்ளை கிடையாது, அது ஐந்து பிள்ளைகள் என்றாள். நாற்பது நொடியில் அழுகையை நிறுத்தின பிள்ளை உலகத்திலேயே இல்லை, அழுத பிள்ளையின் கையிலிருந்து காப்பைக் கழற்றியதுதான் நடந்தது என்று நடந்ததை நடந்தபடி சொன்னாள். ஒரு தப்பும் பண்ணாத உங்கள் பிள்ளைகளை என் வீட்டுப் பொய்யை வைத்து அழக்கூடாது என்று அடக்குகிறார்கள், அதை இனிமேல் நான் விடமாட்டேன் என்று முடித்தாள்.

நல்ல அடி விழும் என்று எதிர்பார்த்துத்தான் நின்றாள். இடத்தைத் திருடினவளே என்பார்கள், போலீஸ் என்பார்கள், செல்போனில் படம் பிடிப்பார்கள் என்று நினைத்தாள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பத்து நொடி, இருபது நொடி, கூட்டம் அப்படியே நின்றது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

வர்ஷினிதான் முதலில் நகர்ந்து மேடை ஓரமாக வந்தாள். பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத குரலில், "எண்ணெய் போட்டா வந்துருச்சு? நாங்க ஐஸ் தண்ணியில கையை வெச்சுக் கழட்டினோம்," என்றாள்.

கோபிகா மேடையிலிருந்தே குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

வர்ஷினி நிறுத்தவில்லை, நிறுத்த முடியாதவள் போலச் சொல்லிக்கொண்டே போனாள். அவள் வீட்டுச் சமையல்காரி மகளுக்கும் அகரன் வயதுதான். எதற்கும் அழாத பிள்ளை, எதையும் உற்றுப் பார்க்கிற பிள்ளை. பகலெல்லாம் காப்பு அந்தப் பிள்ளையின் கையில்தான் இருந்ததாம். பின்னால் நின்ற ஒருவர், எங்கள் வீட்டில் அண்ணன் மகள் என்று தரையைப் பார்த்தபடி சொன்னார். ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்த ஒருத்தி, நாங்கள் பக்கத்து வீட்டுப் பையனுக்குப் போட்டோம் என்றாள். ஒவ்வொருவராக, முணுமுணுப்பாக, மடை திறந்த மாதிரி வந்துகொண்டே இருந்தது. உள்ளே ஜோடித்து வைத்திருந்த மூலைகளில் தன் மூலையில் உட்கார்ந்திருந்த பிள்ளை ஒன்றுகூட இல்லை. ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் மட்டும்தான் இந்தத் திருட்டு என்று நினைத்துக்கொண்டு, மற்றவர் பிள்ளையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

கோபிகா வர்ஷினியைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள். "அந்தச் சமையல்காரம்மா புள்ள இப்ப எங்கீங்க படிக்குது?"

வர்ஷினியின் முகம் செத்துப்போனது. "கூடத்துல," என்றாள். "அதுக்குக் காப்பே கட்டலை. ஒரே புள்ளை கையில ரெண்டு காப்பு இருக்கக் கூடாதுன்னு நாங்கதான் கட்ட வேண்டாம்னு சொல்லிட்டோம்."

அப்போது பள்ளிக் கதவு திறந்தது. பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். நறுமுகை ஐந்தாவதாக வந்தாள். உதடு மடிந்திருந்தது, முகம் சிவந்திருந்தது, கை விரல்கள் மடங்கி எண்ணிக்கொண்டிருந்தன. கோபிகா மேடையிலிருந்து குதித்து இறங்கி அவள் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தாள். என்னடா என்று கேட்டாள். பொம்மை நாய் மேலே ஏறிவிட்டது என்றது பிள்ளை, மூச்சைப் பிடித்தபடியே.

"எண்ண வேண்டாம் சாமி. உனக்கு எத்தனை வேணுமோ அத்தனை அழு. அம்மா இங்கயேதான் இருப்பேன்."

பிள்ளை ஒரு தடவை அம்மாவைப் பார்த்தது, ஒரு தடவை பின்னால் நின்ற டீச்சரைப் பார்த்தது. பிறகு வாயைத் திறந்தது. மூன்று மாத அழுகை. ரோட்டில் போன பஸ்காரர்கள் எட்டிப் பார்க்கிற அழுகை. நாற்பதாவது நொடியில் காப்பு கத்தியது. உள்ளே மணி அடித்தது. நறுமுகை நிறுத்தவில்லை, கோபிகா நிறுத்தச் சொல்லவும் இல்லை. வரிசையில் நின்ற பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். ஒரு பெண் பிள்ளை விசும்பியது. அதற்குப் பின்னால் நின்றவன் தொடங்கினான். அகரன் ஓவென்று உட்கார்ந்துவிட்டான். ஒரு நிமிஷத்துக்குள் வாசலில் இருபது காப்புகள் ஒன்றாகக் கத்தின. மிருதுளா மேடம் வாசற்படி வரை ஓடி வந்தவர், அங்கேயே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

வர்ஷினி மகனிடம் ஓடினாள். பழகின கை, தானாக அவன் மணிக்கட்டுக்குத்தான் போனது. கைப்பையிலிருந்து க்ரீமை எடுத்துத் தடவி, காப்பை உருவினாள். உருவிக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு கணம் வழக்கம்போலச் சுற்றுமுற்றும் பார்த்தாள், அழாத பிள்ளை எங்காவது நிற்கிறதா என்று. ஒரு பிள்ளையும் இல்லை. காப்பைக் கீழே போட்டுவிட்டு, அழுகிறவனைத் தூக்கிக்கொண்டாள்.